வஹ்தத்துல் வுஜூத்: அறிஞர்கள் வாதிட்டது என்ன? நாம் கற்க வேண்டியது என்ன?

 

 

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவர் கையில் அரபுத் தமிழில் எழுதப்பட்ட பழைய நோட்டு ஒன்று இருந்தது. "ஹஜ்ரத்! இது என் பாட்டனார் கைப்பட எழுதியது. 'உள்ளமை என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே உண்டு. மற்றவை அனைத்தும் அவனால் தோன்றுபவை' என்று இதில் இருக்கிறது. என் நண்பர்கள் இதைப் படித்துக் கேட்டு, இது ஷிர்க் என்று சொல்லிவிட்டார்கள். இணைவைத்தவருக்காகப் பாவமன்னிப்புத் தேடக் கூடாது என்று குர்ஆன் தடுக்கிறது. அப்படியானால் நான் என் பாட்டனாருக்காக துஆச் செய்யலாமா, கூடாதா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் கண்கள் கலங்கிவிட்டன. ஐவேளை தவறாமல் தொழுத அந்தப் பெரியவரின் மடியில் அமர்ந்துதான் இவர் கலிமா கற்றிருக்கிறார்.

"அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அவரை அனுப்பினேன். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல நூற்றாண்டுகளின் வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் சொல்லப்படும் பதில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்தானது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

கேள்வி என்ன?

'வுஜூத்' என்ற அரபுச் சொல்லுக்கு நம் முன்னோர்கள் 'உள்ளமை' என்று அழகாகத் தமிழ் செய்தார்கள். 'வஹ்தத்துல் வுஜூத்' என்றால் உள்ளமை ஒன்றே என்பது பொருள்.

'மரம் இருக்கிறது' என்கிறோம். 'வானம் இருக்கிறது' என்கிறோம். 'அல்லாஹ் இருக்கிறான்' என்றும் ஈமான் கொண்டிருக்கிறோம். மூன்று இடங்களிலும் 'இருத்தல்' என்ற சொல் ஒன்றே. ஆனால் மரத்தின் இருப்பும் அல்லாஹ்வின் இருப்பும் ஒரே தரத்தைச் சேர்ந்தவையா? மரம் நேற்று இல்லை. நாளை இருக்கப் போவதில்லை. அல்லாஹ்வோ தொடக்கமும் முடிவும் இல்லாதவன். அப்படியானால் மரத்தின் இருப்பு எங்கிருந்து வந்தது? அது மரத்துக்கே சொந்தமானதா, இரவலா? இதுவே கேள்வி.

இங்கே இரண்டு செய்திகளைத் தொடக்கத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். படைத்தவன் படைப்புக்குள் இறங்கிவிட்டான் (ஹுலூல்) என்றோ, இருவரும் கலந்து ஒன்றாகிவிட்டார்கள் (இத்திஹாத்) என்றோ சொல்வது வழிகேடு. இதில் நம் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதுபோலவே, படைப்பு அல்லாஹ்வின் தயவின்றித் தானாகவே நிலைத்து நிற்கிறது என்று சொல்வதும் வழிகேடு. இதிலும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் அறிஞர்கள் வாதிட்டார்கள்.

அவர்களைச் சிந்திக்கத் தூண்டியது அருள்மறை குர்ஆனே ஆகும். அல்ஹதீத் அத்தியாயத்தின் 3ஆம் வசனம் அல்லாஹ்வை முந்தியவன், பிந்தியவன், வெளிப்படையானவன், மறைவானவன் என்று அறிமுகப்படுத்துகிறது. அல்கஸஸ் அத்தியாயத்தின் 88ஆம் வசனம் அவனைத் தவிர அனைத்தும் அழிவுக்குரியவை என்கிறது. காஃப் அத்தியாயத்தின் 16ஆம் வசனம் அவன் மனிதனுக்குப் பிடரி நரம்பினும் அண்மையில் இருப்பதை அறிவிக்கிறது. அதே குர்ஆன் அஷ்ஷூரா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் அவனைப் போன்று எதுவும் இல்லை என்றும் முழங்குகிறது. அண்மையும் உண்மை, ஒப்பின்மையும் உண்மை. இரண்டையும் ஒருசேர நம்ப வேண்டும். எப்படி விளங்குவது என்பதில்தான் உழைப்பு தேவைப்பட்டது.

இப்னு சீனா வைத்த அடித்தளம்

புகாராவுக்கு அருகில் 980ஆம் ஆண்டு பிறந்து, 1037ஆம் ஆண்டு ஹமதானில் மறைந்த இப்னு சீனாவை மருத்துவராக நாம் அறிவோம். தத்துவத்தில் அவர் செய்த ஒரு பிரிவினை பின்வந்த அனைவருக்கும் அடித்தளமாக அமைந்தது. ஒரு பொருள் 'என்ன' என்பது வேறு. அது 'இருக்கிறது' என்பது வேறு. முதலாவதற்கு மாஹிய்யத் என்றும், இரண்டாவதற்கு வுஜூத் என்றும் பெயர்.

குதிரை என்றால் என்ன என்று உங்களால் முழுமையாக விளக்க முடியும். அந்த விளக்கத்துக்குள் எங்கும் 'அது இருக்கிறது' என்பது அடங்கியிருக்காது. இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம். இத்தகைய பொருள்களுக்கு 'மும்கினுல் வுஜூத்' என்று பெயர். தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்பதைப் போன்றது இது. ஒரு தட்டு தாழ வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணமும் மும்கினாக இருந்தால் அதற்கும் ஒரு காரணம் வேண்டும். எத்தனை காரணங்களைச் சேர்த்தாலும் அந்தக் கூட்டம் முழுவதும் தேவையுள்ளதாகவே இருக்கும். ஏழைகள் எத்தனை பேர் கூடினாலும் ஒருவர் மற்றவருக்குக் கடன் கொடுக்க முடியாதல்லவா? எனவே, எவனுடைய இருப்பு எவரிடமிருந்தும் பெறப்படாததோ அத்தகைய ஒருவன் இருந்தே ஆக வேண்டும். அவனே 'வாஜிபுல் வுஜூத்', அதாவது இருப்பது கட்டாயமானவன்.

அவன் ஏன் ஒருவனாக மட்டுமே இருக்க முடியும்? இருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 'கட்டாய இருப்பு' பொதுவானது. அப்படியானால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேறு ஏதேனும் ஒன்று கூடுதலாக வேண்டும். பொதுவானதும் கூடுதலானதும் சேர்ந்தால் அது கலவையாகிவிடும். கலவை தன் பகுதிகளின்பால் தேவையுடையது. தேவையுடையது கட்டாய இருப்பாக முடியாது. ஆக, வாஜிபுல் வுஜூத் ஒருவனே. அரபு மதரஸாக்களில் ஓதும் மாணவர்கள் இன்றும் இந்த வாதத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காட்டிய உவமை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 450–505) தத்துவவாதிகளை மூன்று விஷயங்களில் கடுமையாகக் கண்டித்தவர்கள். உலகம் அநாதியானது என்பது, அல்லாஹ் தனித்தனி நிகழ்வுகளை அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுவதை மறுப்பது ஆகியவையே அந்த மூன்று. ஆயினும் உண்மையான கருத்து எங்கிருந்தாலும் அதை எடுத்துக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை. 'மிஷ்காத்துல் அன்வார்' என்ற நூலில் ஓர் உவமையைக் கூறுகிறார்கள். நிலவின் ஒளி சன்னல் வழியே வந்து சுவரிலுள்ள கண்ணாடியில் படுகிறது. கண்ணாடியிலிருந்து எதிர்ச்சுவருக்கும், அங்கிருந்து தரைக்கும் வருகிறது. தரை ஒளிர்கிறது. அந்த ஒளி தரையின் சொந்தமா? இல்லை. சுவரின் சொந்தமா? இல்லை. நிலவுக்கே அது சூரியனிடமிருந்து வந்தது. இரவல் உடையும் இரவல் குதிரையும் கொண்டு உலா வருபவரைச் செல்வந்தர் என்று யாரும் சொல்வதில்லை. இருப்பும் அப்படித்தான்.

எனவே, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு முகங்கள் உண்டு என்று இமாம் அவர்கள் விளக்குகிறார்கள். தன்னை நோக்கிய முகத்தால் அது இல்லாமை. தன் இறைவனை நோக்கிய முகத்தால் அது இருப்பு. அனைத்தும் அழிவுக்குரியவை என்ற வசனத்தை அவர்கள் ஏதோ ஒரு நாளில் நடக்கப் போகும் செய்தியாக மட்டும் பார்க்கவில்லை. இந்த நொடியிலும், அல்லாஹ்வை விட்டுப் பிரித்துப் பார்த்தால், எல்லாம் அழிவே என்று விளங்கினார்கள்.

இப்னு அரபி (ரஹ்) அவர்களும் அவர்களது மாணவர்களும்

ஹிஜ்ரி 560ஆம் ஆண்டு (கி.பி. 1165) ஸ்பெயின் நாட்டின் முர்ஸியாவில் பிறந்தவர்கள் ஷைகு முஹ்யித்தீன் இப்னு அரபி (ரஹ்) அவர்கள். இளைஞராக இருந்தபோது கொர்தோவாவில் தத்துவப் பேரறிஞர் இப்னு ருஷ்தைச் சந்தித்ததை அவர்களே பதிவு செய்துள்ளார்கள். பிற்காலத்தில் இப்னு ருஷ்தின் உடல் மராக்கிஷிலிருந்து கொர்தோவாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, வாகன மிருகத்தின் ஒரு பக்கம் உடலும், சமநிலைக்காக மறுபக்கம் அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததைக் கண்டதாகவும் எழுதுகிறார்கள். அறிவு எவ்வளவு கனமானாலும் மரணத்துக்கு எதிரே அது ஒரு சுமைதான் என்ற பாடம் அந்தக் காட்சியில் இருக்கிறது.

கிழக்கு நோக்கிப் பயணமான ஷைகு அவர்கள் 1202ஆம் ஆண்டு மக்கா வந்தடைந்தார்கள். 560 அத்தியாயங்கள் கொண்ட 'அல்ஃபுதூஹாத்துல் மக்கிய்யா' என்ற பெருநூலை அங்கே தொடங்கினார்கள். 27 அத்தியாயங்கள் கொண்ட 'ஃபுஸூஸுல் ஹிகம்' நூலை ஹிஜ்ரி 627இல் திமிஷ்கில் எழுதினார்கள். ஹிஜ்ரி 638இல் (கி.பி. 1240) அதே நகரில் மறைந்தார்கள்.

அவர்களது கருத்தின் சாரம் இதுதான். பொருள்கள் அனைத்தும் படைக்கப்படுவதற்கு முன்பே அல்லாஹ்வின் அறிவில் இருந்தன. அறிவில் உள்ள அந்த நிலைகளுக்கு 'அஃயான் ஸாபிதா' என்று பெயர். அவற்றுக்குச் சொந்தமாக இருப்பு கிடையாது. எப்போதும் கிடைப்பதும் இல்லை. அல்லாஹ்வின் திருநாமங்கள் அவற்றில் வெளிப்படுவதையே நாம் உலகம் என்கிறோம். கண்ணாடியில் தெரியும் உருவம் பார்ப்பவரும் அல்ல. பார்ப்பவரை விட்டுத் தனித்து நிற்பதும் அல்ல. அதே ஃபுதூஹாத்தில் 68ஆம் அத்தியாயம் முதல் 72ஆம் அத்தியாயம் வரை சுத்தம், தொழுகை, ஸகாத், நோன்பு, ஹஜ் ஆகியவற்றின் சட்டங்கள் மிக விரிவாகப் பேசப்படுகின்றன. அடியான் அடியானே, ரப்பு ரப்பே. இந்த எல்லையை ஷைகு அவர்கள் அழிக்கவில்லை.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 'வஹ்தத்துல் வுஜூத்' என்ற சொல்லை ஒரு கொள்கையின் பெயராக இப்னு அரபி (ரஹ்) அவர்கள் பயன்படுத்தவில்லை. அவர்களது மாணவர் ஸத்ருத்தீன் கூனவீ (ரஹ்) அவர்கள் நூல்களில் அது போகிற போக்கில் வருகிறது. அவர்களது மாணவர் ஃபர்கானீ அதைச் சற்று அதிகம் கையாண்டார். அதை ஒரு கூட்டத்தாரின் கொள்கைப் பெயராக நிலைநிறுத்தியதில் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களின் மறுப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு பெயரைச் சுற்றி நாம் சண்டையிடும்போது அந்தப் பெயரின் வரலாற்றையும் அறிந்திருப்பது நல்லது.

தத்துவ வாதம் உருவான விதம்

கூனவீ (ரஹ்) அவர்கள் கூன்யா நகரில் வாழ்ந்து 1274ஆம் ஆண்டு மறைந்தார்கள். அதே ஆண்டில் மறைந்த தத்துவ அறிஞர் நஸீருத்தீன் தூஸீக்குக் கடிதங்கள் எழுதி, இருப்பைப் பற்றிக் கேள்விகள் கேட்டார்கள். தூஸீயும் மரியாதையோடு பதில் எழுதினார். ஞானவழியில் கண்டதைத் தத்துவத்தின் மொழியில் சோதித்துப் பார்க்கும் பணி இவ்வாறு வளர்ந்தது. பின்னர் உஸ்மானிய ஆட்சியாளர் ஓர்ஹான் இஸ்னிக்கில் அமைத்த மதரஸாவின் முதல் ஆசிரியரான தாவூதுல் கைஸரீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1350) ஃபுஸூஸுக்கு எழுதிய விரிவுரையின் முன்னுரையில் அந்த வாதங்களை ஒழுங்குபடுத்தினார்கள்.

முக்கியமான வாதத்தை எளிமையாகத் தருகிறேன். இருக்கவும் இல்லாமல் போகவும் இயலுவதே மும்கின். குதிரை அத்தகையது; மரம் அத்தகையது. இருப்பு என்ற எதார்த்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'இருப்பு இல்லாமையாகிவிட்டது' என்று சொல்ல முடியுமா? ஒளியைப் பெற்ற சுவர் இருளலாம். ஒளியே இருளாக முடியாது. எனவே இருப்பு என்ற எதார்த்தம் இல்லாமையை ஏற்காது. இல்லாமையை ஏற்காததே வாஜிப். வாஜிப் ஒன்றே என்பது இப்னு சீனாவின் வாதத்தால் முன்பே நிறுவப்பட்டது. ஆக, உண்மையான உள்ளமை ஒன்றே. மற்றவை அதன் வெளிப்பாட்டைப் பெற்ற இடங்கள்.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மதரஸாக்களில் 'ஷரஹுல் அகாயித்' ஓதுகிறோம். அதை எழுதிய அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1390) வலுவான மறுப்பை எழுப்பினார்கள். மரம், கல், மனிதன் எல்லாவற்றுக்கும் பொதுவான 'இருப்பு' என்பது நம் சிந்தனை உருவாக்கும் பொதுக் கருத்து. பொதுக் கருத்து மனத்தில் இருக்கும், வெளியில் இராது. மனத்தில் உள்ள ஒன்றை எடுத்து, 'இதுவே இறைவன்' என்று எப்படிச் சொல்லலாம்?

இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் (1263–1328) முன்னரே இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அவர்களுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. படைப்பின் இருப்பே படைத்தவனின் இருப்பு என்றால், கட்டளையிடுபவன் யார், கட்டளைக்குக் கட்டுப்படுபவன் யார்? நன்மைக்கும் தீமைக்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்வியே. 'எல்லாம் அவனே' என்று சொல்லிக்கொண்டு தொழுகையைக் கைவிட்டவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அதே இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள், இந்தக் கூட்டத்தாரில் இப்னு அரபியே இஸ்லாத்துக்கு மிக நெருக்கமானவர் என்றும், வெளிப்படுபவனையும் வெளிப்படும் இடத்தையும் பிரித்துப் பார்ப்பவர், ஷரீஅத்தின் ஏவல் விலக்கல்களை ஏற்பவர் என்றும் எழுதியிருப்பதை நம்மில் பலர் அறிவதில்லை. எதிர்ப்பவருக்கும் நீதி செய்த இமாம்கள் அவர்கள்.

உள்ளமைவாதிகள் தந்த பதில் இது. நாங்கள் மனத்தில் உள்ள பொதுக் கருத்தைப் பேசவில்லை. எதனால் பொருள்கள் வெளியில் இருக்கின்றனவோ அந்த எதார்த்தத்தைப் பேசுகிறோம். நெருப்பு என்ற கருத்து சுடாது; நெருப்பு சுடும். இருப்பு என்ற கருத்து வேறு, இருப்பு வேறு. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மதுவின் வேண்டுகோளுக்கு இணங்க மௌலானா ஜாமீ (ரஹ்) அவர்கள் (1414–1492) 'அத்துர்ரதுல் ஃபாகிரா' என்ற நூலை எழுதி, இறையியலார், தத்துவவாதிகள், ஸூஃபிகள் ஆகிய மூன்று தரப்பாரின் வாதங்களையும் அருகருகே வைத்து ஆய்ந்தார்கள்.

17ஆம் நூற்றாண்டில் ஈரானில் வாழ்ந்த ஷீஆ அறிஞர் முல்லா ஸத்ரா வேறொரு வழியில் சென்றார். இருப்பே அசல், அது ஒளியைப் போல வலுவிலும் மென்மையிலும் படித்தரங்கள் கொண்டது என்றார். காரணத்திலிருந்து வந்த ஒன்று, முதலில் ஒரு பொருளாக இருந்துகொண்டு பிறகு காரணத்தோடு தொடர்பு கொள்வதில்லை. அந்தத் தொடர்பே அதன் இருப்பு என்றார். அவர் எழுதிய 'ஷரஹு ஹிதாயத்தில் ஹிக்மா' தர்ஸே நிஸாமீ பாடத்திட்டத்தில் 'ஸத்ரா' என்ற பெயரிலேயே இடம்பெற்றது. ஸுன்னத் வல் ஜமாஅத் மதரஸாக்கள் ஒரு ஷீஆ அறிஞரின் தத்துவ நூலைப் பாடமாக வைத்தன என்றால் அன்றைய உலமாக்களின் நெஞ்சுரத்தை எண்ணிப் பாருங்கள்.

பகலில் மறையும் விண்மீன்கள்

இந்திய மண்ணில் இந்த விவாதத்துக்குப் புதிய வடிவம் தந்தவர்கள் இமாம் ரப்பானீ ஷைகு அஹ்மது ஸிர்ஹிந்தி (ரஹ்) அவர்கள் (1564–1624). அவர்களும் தொடக்கத்தில் 'உள்ளமை ஒன்றே' என்ற அனுபவத்தைக் கண்டவர்களே. பின்னர் அதையும் கடந்து சென்றதாகத் தம் கடிதங்களில் எழுதுகிறார்கள். சூரியன் உதித்தபின் விண்மீன்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சூரியன் ஒன்றே தெரிகிறது. அதனால் விண்மீன்கள் இல்லை என்றாகிவிடுமா? பார்வையில் ஒன்றாவது வேறு. உள்ளமையில் ஒன்றாவது வேறு. ஞானி காண்பது 'வஹ்தத்துஷ் ஷுஹூத்', அதாவது காட்சியின் ஒருமை என்றார்கள். 'எல்லாம் அவனே' என்பதைவிட 'எல்லாம் அவனிடமிருந்தே' என்பதே அடியானின் பணிவுக்குப் பொருத்தமானது என்பது அவர்கள் நிலைப்பாடு.

டில்லியின் ஷாஹ் வலிய்யுல்லாஹ் (ரஹ்) அவர்கள் (1703–1762) மதீனாவைச் சேர்ந்த இஸ்மாயீல் எஃபந்திக்கு எழுதிய கடிதத்தில் இரு தரப்பையும் இணைத்து விளக்கினார்கள். இருவரும் ஒரே எதார்த்தத்தை இரு கோணங்களிலிருந்து சொல்கிறார்கள். வேறுபாடு பெரும்பாலும் சொல்லில்தான் என்றார்கள். இதை முஜத்திதீ வழியில் வந்தவர்கள் சிலர் ஏற்கவில்லை. மறுப்பு நூல் எழுந்தது. அதற்கும் மறுப்பு எழுந்தது. ஆனால் அங்கே பேனாதான் பேசியது.

வாள் பேசிய இடம்

பேனாவுக்குப் பதிலாக வாள் பேசிய இடமும் உண்டு. அன்பர்களே! இந்தக் கட்டுரையில் உங்கள் மனத்தில் நிற்க வேண்டிய பகுதி இதுதான்.

சுமத்ரா தீவின் அச்சே நாட்டில் ஹம்ஸா ஃபன்ஸூரீ, 1630இல் மறைந்த ஷம்ஸுத்தீன் ஆகிய ஞானிகள் வஹ்தத்துல் வுஜூத் கருத்தை மலாய் மொழியில் பரப்பியிருந்தார்கள். 1637ஆம் ஆண்டு குஜராத்தின் ராந்தேரிலிருந்து நூருத்தீன் ராநீரீ என்ற பெரும் ஆலிம் அங்கே வந்தார். சுல்தான் இஸ்கந்தர் தானியின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அந்த ஞானிகளைப் பின்பற்றியவர்கள் இறைமறுப்பாளர்கள் என்று தீர்ப்பளித்தார். தம் கருத்திலிருந்து திரும்ப மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நூல்கள் பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசலின் முன் எரிக்கப்பட்டன. இதில் வேதனை என்னவென்றால், ராநீரீயும் இப்னு அரபி (ரஹ்) அவர்களை மதித்தவரே. உள்ளமைவாதிகளில் ஏகத்துவத்தில் நிற்பவர்கள், வழிகெட்டவர்கள் என்று இரு பிரிவினர் உண்டு என்று அவரே வகுத்திருந்தார். ஒரே ஷைகின் நூல்களைப் படித்த இரு தரப்பாரில் ஒரு தரப்பு மற்றதன் கழுத்தில் கத்தி வைத்தது. 1644இல் காற்று திசை மாறியது. வேறொரு அறிஞர் அரசவையின் ஆதரவைப் பெற, ராநீரீ குஜராத்துக்குத் திரும்பினார்.

அச்சேயிலிருந்து 1642ஆம் ஆண்டு அரபு நாடுகளுக்குச் சென்று 19 ஆண்டுகள் கல்வி கற்ற அப்துர் ரஊஃப் ஸிங்கிலீ (ரஹ்) அவர்கள், மதீனாவின் பேரறிஞர் இப்றாஹீம் அல்கூரானீ (ரஹ்) அவர்களிடம் (1616–1690) பயின்றார்கள். ஜாவா, சுமத்ரா மாணவர்களின் வேண்டுகோளுக்காகவே கூரானீ (ரஹ்) அவர்கள் இந்த விஷயத்தில் தனி நூல் எழுதினார்கள். உள்ளமையின் ஒருமையை ஷரீஅத்தின் எல்லைக்குள் நின்று விளங்கும் வழியை அதில் காட்டினார்கள். 1661இல் தாயகம் திரும்பிய ஸிங்கிலீ (ரஹ்) அவர்கள் பழிக்குப் பழி என்று கிளம்பவில்லை. அல்லாஹ்வின் ஒப்பின்மையை வலியுறுத்திப் பாடம் நடத்தினார்கள். ஒரு முஸ்லிமைக் காஃபிர் என்று சொன்னால் அந்தச் சொல் இருவரில் ஒருவரிடம் திரும்பியே தீரும் என்ற நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை மக்களுக்கு நினைவூட்டினார்கள். அந்த மனிதர் உண்மையில் காஃபிராக இருந்தால் உன் சொல்லால் உனக்கு ஒரு லாபமும் இல்லை. இல்லாவிட்டால் நீ அழிந்தாய். இதுவே அவர்கள் உணர்த்திய பாடம். இன்று பந்தா அச்சேயின் பல்கலைக்கழகம் அவர்களது சிறப்புப் பெயரான 'ஷியா குவாலா' என்பதைத் தாங்கி நிற்கிறது. வாளேந்தியவர்களின் வெற்றி ஏழே ஆண்டுகளில் முடிந்துபோனது; நாவைக் காத்தவரின் பெயர் இன்றும் வாழ்கிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

நம் தமிழகத்திலும் தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்), குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) போன்றோர் இக்கருத்தைத் தமிழ்ப் பாடல்களில் பாடியிருக்கிறார்கள். அவை வீடுகளில் ஓதப்பட்டு வந்தன. அந்த இளைஞரின் பாட்டனார் எழுதிய நோட்டும் அந்த மரபில் வந்ததே.

முதலாவதாக, இது அறிஞர்களின் களம். இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் (1445–1505) இப்னு அரபி (ரஹ்) அவர்களை இறைநேசர் என்றே நம்பினார்கள். அதே நேரத்தில், தகுதியற்றவர்கள் அவர்களது நூல்களைப் படிப்பதைத் தடுத்தார்கள். மருந்து நல்லதுதான், அளவு தெரியாதவர் கையில் அது விஷம். எனவே, கலைச்சொற்களைக் கற்காமல் இவற்றில் இறங்காதீர்கள். 'எல்லாம் அவனே' என்று மேடையில் பாடிவிட்டு ஸுப்ஹுத் தொழுகையில் உறங்குபவரைப் பார்த்து ஏமாறவும் செய்யாதீர்கள்.

இரண்டாவதாக, ஒருவரின் சொல்லுக்குச் சரியான பொருள் கொள்ள வழியிருக்கும் வரை அவரைத் தீனிலிருந்து வெளியேற்றாதீர்கள். தத்துவவாதிகளை அவ்வளவு கடுமையாகச் சாடிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே, காஃபிர் என்று தீர்ப்பளிப்பதன் எல்லைகளை விளக்க 'ஃபைஸலுத் தஃப்ரிகா' என்று தனி நூல் எழுதினார்கள் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவதாக, தத்துவ வாதங்களை விட்டுவிட்டாலும் அவை சுட்டும் உண்மை ஒவ்வொரு முஃமினுக்கும் உரியது. என் உடல், என் செல்வம், என் பிள்ளைகள், ஏன், 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும்போது உள்ள அந்த இருப்புகூட எனக்குச் சொந்தமானதல்ல. ஃபாத்திர் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் மனிதர்கள் அனைவரையும் அல்லாஹ்வின்பால் தேவையுள்ள ஏழைகள் என்கிறது. ஸஜ்தாவில் நெற்றி தரையில் படும்போது இதை உணர்ந்தவருக்குப் பெருமை எங்கிருந்து வரும்? இரவல் ஆடை அணிந்தவர் பக்கத்தில் இருப்பவரின் இரவல் ஆடையைப் பார்த்துப் பொறாமைப்படுவாரா?

அடுத்த வாரம் அந்த இளைஞர் வந்தார். நோட்டை வாங்கி மீண்டும் ஒரு முறை படித்தேன். அவர் நண்பர்கள் படித்துக் காட்டிய வரிக்குக் கீழே, அடுத்த பக்கத்தில், அடியான் எவ்வளவு உயர்ந்தாலும் அடியானாகவே இருப்பான் என்றும், ஷரீஅத்தை விட்டவன் ஞானத்தை விட்டவன் என்றும் அந்தப் பெரியவர் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தை யாரும் புரட்டவில்லை. "உங்கள் பாட்டனார் முஃமினாக வாழ்ந்து முஃமினாக மறைந்தவர். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள்" என்று சொன்னேன். அவர் அங்கேயே கையேந்தினார். நானும் ஆமீன் சொன்னேன்.

யா அல்லாஹ்! உன் ஏகத்துவத்தை அறிவால் விளங்கி, அமலால் மெய்ப்பிக்கும் பாக்கியத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! எங்கள் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவாயாக! சகோதர முஸ்லிமைப் பழிப்பதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.